யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4: கன்சோல் கட்டளைகளைப் பயன்படுத்த முழு வழிகாட்டி

யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 என்ற வியூகக் கணினி விளையாட்டில் ஆட்டம் 1444 நவம்பர் 11 அன்று தொடங்கி 1821 வரை ஓடுகிறது. வரைபடத்தில் நூற்றுக்கணக்கான நாடுகள், ஆயிரக்கணக்கான மாகாணங்கள். கன்சோல் என்பது கட்டளைகளைத் தட்டி ஆட்டத்தை நேரடியாக மாற்றும் பெட்டி. அதில் ஒரு எண்ணை மாற்றினால் அதோடு ஒட்டிய மற்ற எண்களும் அசையும். கட்டளைப் பட்டியல் தேடினால் எங்கும் கிடைக்கும். எதை முதலில் செய்வது, எதைச் சரிபார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவது என்பதில்தான் புதியவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். அதனால் இங்கே வரிசைக்குத்தான் முதலிடம்.

படிக்கும் முன் ஒன்று. கட்டளைகளை விளையாட்டில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். இங்கே அவற்றை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். சுருக்கங்களை மட்டும் 'டி-ஐ-பி' என்பது போல எழுத்து எழுத்தாகப் பிரித்திருக்கிறேன். தட்டும்போது நடுவில் கோடு வேண்டாம். அடிக்கோடு உள்ள கட்டளைகளில் அதை அப்படியே போட்டிருக்கிறேன்; அதை விடாமல் தட்டுங்கள்.

1. அயர்ன்மேன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்

நாட்டைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே இதைப் பார்த்துவிட வேண்டும். அயர்ன்மேன் என்பது பழைய சேவுக்குத் திரும்ப விடாத முறை. அதில் தொடங்கிய ஆட்டத்தில் கன்சோல் வேலை செய்யாது. பாதியில் அதை அணைக்கவும் வழியில்லை. ஐம்பது ஆண்டு ஆடிவிட்டு, ஒரு கோளாறைச் சரிசெய்யக் கன்சோலைத் தேடும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

அயர்ன்மேன் இல்லாத ஆட்டத்தில் சாதனைப் பதக்கங்கள் கிடைக்காது. பதக்கம் வேண்டுமென்றால் அதற்கு ஒரு தனி ஆட்டம் வைத்துக்கொள்ளுங்கள், கன்சோலுக்கு வேறொன்று. இரண்டையும் ஒரே ஆட்டத்தில் எதிர்பார்க்க முடியாது.

பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தையும் இதற்கு எடுக்காதீர்கள். இந்த வழிகாட்டி முழுவதும் தனியாளாக ஆடுவதற்கானது.

2. கன்சோலைத் திறங்கள்

எஸ்கேப் விசைக்கு நேர் கீழே, எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் டில்டா விசையை அழுத்துங்கள். எழுதுவதற்கு ஒரு சிறு பெட்டி திறக்கும். மறுபடி அதே விசையை அழுத்தினால் மூடிக்கொள்ளும்.

திறக்கவில்லையா? பெரும்பாலும் கோளாறு விளையாட்டில் இருக்காது, கீபோர்டு மொழியில் இருக்கும். கணினியில் தமிழ் உள்ளீடு ஓடிக்கொண்டிருந்தால் அந்த விசை வேறொரு எழுத்தை அனுப்பும். விளையாட்டுக்கு அது புரியாது. உள்ளீட்டை அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். மொழியை மாற்றிய பிறகு விளையாட்டுத் திரையின் மேல் ஒருமுறை கிளிக் செய்வது நல்லது. சில நேரம் மொழி மாற்றம் முன்பு திறந்திருந்த சாளரத்தோடு நின்றுவிடும்.

வேறு நாட்டுக் கீபோர்டு என்றால் டில்டா வேறு இடத்தில் இருக்கலாம். ஷிஃப்ட்டோடு 2, இல்லாவிட்டால் ஷிஃப்ட்டோடு 3 அழுத்திப் பாருங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்-என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

திறந்ததும் 'ஹெல்ப்' என்று தட்டி என்டர் அடியுங்கள். உங்களிடம் உள்ள பதிப்பில் எந்தெந்தக் கட்டளைகள் இருக்கின்றன என்ற பட்டியல் வரும். வெளியே கிடைக்கும் பழைய பட்டியல்களைவிட இதைத்தான் நம்ப வேண்டும். விளையாட்டு 2013-இல் வந்தது. அதன்பின் எத்தனையோ முறை புதுப்பிக்கப்பட்டுவிட்டது.

3. எதையும் தட்டும் முன் சேவ் செய்யுங்கள்

கன்சோலில் 'பின்வாங்கு' என்று ஒரு விசை கிடையாது. நாட்டை இணைத்துவிட்டால் இணைத்ததுதான். பழைய நிலைக்குத் திரும்ப சேவ் ஒன்றே வழி.

ஆட்டத்தை நிறுத்திவிட்டு, புதுப் பெயரில் சேவ் செய்யுங்கள். பெயரில் நாடும் ஆண்டும் அடுத்துச் செய்யப்போவதும் இருக்கட்டும். 'பைசான்டியம் 1444 பணத்துக்கு முன்' என்பது போல. விளையாட்டின் எழுத்துரு தமிழைக் காட்டாது என்பதால் பெயரை ஆங்கில எழுத்திலேயே கொடுங்கள்.

தானாக எழுதப்படும் ஆட்டோசேவை நம்பி இறங்காதீர்கள். அது குறித்த இடைவெளியில் தன்னைத்தானே மேலெழுதிக்கொண்டே போகும். தவறு நடந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் விளைவு கண்ணில் படும். அதற்குள் பழைய ஆட்டோசேவ் போய்விட்டிருக்கும்.

சேவ் கோப்புகள் டாகுமென்ட்ஸ் கோப்புறைக்குள் பாரடாக்ஸ் இன்டராக்டிவ், அதற்குள் விளையாட்டின் பெயர், அதற்குள் சேவ் கேம்ஸ் என்ற இடத்தில் இருக்கும். முக்கியமான ஆட்டம் என்றால் அந்தக் கோப்பை வேறெங்காவது ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

4. ஆட்டத்தை நிறுத்திவைத்துத் தட்டுங்கள்

ஸ்பேஸ் விசையால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பிறகு கன்சோலைத் திறங்கள். இந்த வரிசை முக்கியம். கன்சோல் திறந்தபிறகு ஸ்பேஸ் அடித்தால் அது பெட்டிக்குள் வெற்றிடமாக விழும்; ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து நாடு போர் அறிவித்திருக்கும்.

கட்டளையின் அமைப்பு எளிது: முதலில் கட்டளைச் சொல், ஒரு இடைவெளி, பிறகு எண் அல்லது குறி. 'கேஷ் 500' என்றால் கருவூலத்தில் 500 டுகாட் சேரும். 'கேஷ் -500' என்றால் குறையும். கழித்தல் குறிக்கும் எண்ணுக்கும் நடுவில் இடைவெளி கூடாது. எண்ணுக்குள் காற்புள்ளியும் கூடாது.

எண்ணையே போடாமல் 'கேஷ்' என்று மட்டும் அடித்தால் விளையாட்டே ஒரு பெரிய தொகையைச் சேர்த்துவிடும். பல கட்டளைகளுக்கு இப்படி ஒரு உள்ளமைந்த அளவு உண்டு. எண்ணை எப்போதும் எழுதிப் பழகினால் இந்தத் தொல்லை இல்லை.

முன்பு அடித்த கட்டளையை மேல் அம்பு விசை திரும்பக் கொண்டுவரும். வசதிதான். ஆனால் எந்தக் கட்டளை வந்து நிற்கிறது என்று பார்க்காமல் என்டர் அடிக்காதீர்கள்.

5. டீபக் மோடைப் போட்டுக்கொண்டு அடையாளங்களைக் குறியுங்கள்

மாகாணங்களைக் கன்சோல் பெயரால் அறியாது, எண்ணால்தான் அறியும். நாடுகளுக்கு மூன்றெழுத்துக் குறி. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

'டீபக்_மோட்' என்று தட்டி என்டர் அடியுங்கள். கன்சோலை மூடிவிட்டு, ஒரு மாகாணத்தின் மேல் சுட்டியை வையுங்கள். வழக்கமான குறிப்போடு அதன் எண்ணும், சொந்தக்கார நாட்டின் குறியும் தெரியும். கான்ஸ்டான்டிநோபிள் மேல் வைத்தால் 151 என்று காட்டும். ஸ்டாக்ஹோம் 1, பாரிஸ் 183, லண்டன் 236. நாட்டுக் குறிகளில் உஸ்மானியருக்கு (ஒட்டோமான்) டி-யு-ஆர், பைசான்டியத்துக்கு பி-ஒய்-இசட், பிரான்சுக்கு எஃப்-ஆர்-ஏ, விஜயநகரத்துக்கு வி-ஐ-ஜே.

தேவையான எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு இலக்கம் பிசகினால் உலகின் மறுமூலையில் இருக்கும் ஏதோ ஒரு மாகாணம் உங்களுடையதாகிவிடும். திரையில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒன்றும் மாறியிருக்காது. கட்டளை வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அடிப்பார்கள். வரைபடத்தைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும், எங்கோ ஒரு புள்ளி உங்கள் நிறத்தில் நிற்பது.

6. எண்களைக் கூட்டும் கட்டளைகள்: கொஞ்சமாகத் தொடங்குங்கள்

அதிகம் பயன்படுபவை இவைதான். 'கேஷ்' பணத்துக்கு. 'ஏ-டி-எம்', 'டி-ஐ-பி', 'எம்-ஐ-எல்' ஆகியவை நிர்வாகம், ராஜதந்திரம், ராணுவம் என்ற மூன்று ஆட்சிப் புள்ளிகளுக்கு. மூன்றையும் ஒரே அடியில் கூட்ட 'பவர்பாயிண்ட்ஸ்'. படைக்கு ஆள் சேர்க்க 'மேன்பவர்'. பிறகு 'பிரஸ்டீஜ்', 'ஸ்டெபிலிட்டி', 'லெஜிடிமஸி', 'இன்ஃப்ளேஷன்', 'வார்_எக்ஸாஸ்ஷன்'.

இவை ஒவ்வொன்றுக்கும் விளையாட்டிலேயே ஒரு எல்லை உண்டு. ஸ்டெபிலிட்டி -3 முதல் +3 வரை. பிரஸ்டீஜ் -100 முதல் +100 வரை. லெஜிடிமஸி 0 முதல் 100 வரை. அதுவும் முடியாட்சிக்கு மட்டும்தான். குடியரசை ஆடிக்கொண்டு லெஜிடிமஸி ஏறவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே அந்த அளவே கிடையாது, அதன் இடத்தில் குடியரசு மரபு என்று வேறொன்று இருக்கிறது.

ஆட்சிப் புள்ளிகள் பொதுவாக 999-க்கு மேல் சேராது. 'பவர்பாயிண்ட்ஸ் 5000' என்று அடித்தால் மீதி வீணாகும். தேவைப்படும்போது தேவைப்படும் அளவு கூட்டுவதே சரி.

மேன்பவரில் கொஞ்சம் கவனம் தேவை. சேவ் கோப்புக்குள் ஆள்பலம் ஆயிரங்களாகத்தான் எழுதப்படுகிறது. ஆகவே முதலில் 1 என்று போட்டு, மேல் பட்டையில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டு மீதியைக் கூட்டுங்கள். பெரிய எண்ணை முதலிலேயே அடித்துவிட்டால் அளவும் தெரியாது, ஆட்டமும் பழுதாகும்.

இனி, புள்ளிகள் கையில் வந்தவுடன் எல்லாரும் செய்வது என்ன? தொழில்நுட்பத்தை வரிசையாக வாங்குவது. இங்கே விளையாட்டு தடுத்து நிற்கும். ஒவ்வொரு தொழில்நுட்ப நிலைக்கும் ஒரு ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பே வாங்கினால் விலை கூடும். எவ்வளவு முந்துகிறீர்களோ அவ்வளவு கூடும். அதோடு மறுமலர்ச்சி, காலனியம், அச்சு இயந்திரம் போன்ற நிறுவனங்கள் (விளையாட்டில் 'இன்ஸ்டிடியூஷன்ஸ்') உங்கள் நாட்டில் பரவாமல் இருந்தால் அதற்கும் தனிச் சுமை. இவை 1450, 1500, 1550 என்று ஐம்பது ஆண்டுக்கு ஒன்றாகத் தோன்றத் தொடங்கும். தொழில்நுட்பத்தில் பின்தங்கியவர்கள் புள்ளியைக் கூட்டும் முன், விலையின் மேல் சுட்டியை வைத்து எதனால் கூடியிருக்கிறது என்று படியுங்கள். நிறுவனம் பரவாததுதான் காரணம் என்றால், எத்தனை ஆயிரம் புள்ளி கொடுத்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

7. பார்வைக் கட்டளைகளும் அவற்றை அணைப்பதும்

'எஃப்-ஓ-டபிள்யூ' என்று அடித்தால் வரைபடத்தின் மூடுபனி விலகும். எல்லாருடைய படைகளும் தெரியும். 'டி-ஐ' என்று அடித்தால் இன்னும் கண்டுபிடிக்கப்படாத நிலப்பரப்பின் வெள்ளைத்திரை விலகும். இரண்டும் வேறு வேறு. 1444-இல் ஐரோப்பாவில் இருந்துகொண்டு அமெரிக்காவைப் பார்க்க மூடுபனியை நீக்கினால் போதாது, இரண்டாவதும் வேண்டும்.

இவை விளக்கின் சுவிட்சு மாதிரி வேலை செய்பவை: அதே சொல்லை மறுபடி அடித்தால் பழைய நிலைக்குப் போகும். டீபக் மோடும் அப்படித்தான். ஏற்கெனவே போட்டிருப்பது மறந்து இன்னொரு முறை அடித்துவிட்டு, 'வேலை செய்யவில்லை' என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது. அடித்ததும் கன்சோலை மூடி வரைபடத்தைப் பாருங்கள், அப்புறம் அடுத்ததற்குப் போங்கள்.

8. மாகாணத்தைக் கைமாற்றுவது: இரண்டு கட்டளை, ஒரு சோதனை

புதியவர்களின் ஆட்டம் அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான். அதனால் ஒரு எடுத்துக்காட்டை முழுதாகப் பார்க்கலாம்.

நீங்கள் உஸ்மானியரை ஆடுகிறீர்கள், கான்ஸ்டான்டிநோபிளைக் கன்சோல் வழியே எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'ஓன் 151' என்று அடித்தால் நகரம் உங்கள் நிறத்துக்கு மாறும். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

மாகாணத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் கோர், அதாவது அந்த நிலம் உங்கள் நாட்டுக்கே உரியது என்ற முத்திரை, அதில் இல்லை. கோர் இல்லாத நிலம் எவ்வளவு வளமானதோ அவ்வளவு மிகைவிரிவு (ஓவர்எக்ஸ்டென்ஷன்) உங்கள் நாட்டுக்கு ஏறும். ஒரு மாகாணம் என்றால் தாங்கிக்கொள்ளலாம். பத்து மாகாணங்களை வரிசையாக எடுத்து மிகைவிரிவு 100 விழுக்காட்டைத் தாண்டினால், கலகத்தைக் கிளப்பும் நிகழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 'நான் எல்லாவற்றையும் பிடித்தேன், நாடு சிதறிவிட்டது' என்று வருபவர்கள் எல்லாருடைய கதையும் இதுதான்.

ஆகவே அடுத்த கட்டளை உடனே: 'ஆட்_கோர் 151', ஓர் இடைவெளி, உங்கள் நாட்டுக் குறி டி-யு-ஆர். இப்போது மிகைவிரிவு இறங்கும்.

இன்னும் முடியவில்லை. பைசான்டியத்தின் கோர் அந்த மாகாணத்தில் அப்படியே இருக்கிறது. அந்த நாடு வேறு நிலத்தில் உயிரோடு இருந்தால், இழந்ததை மீட்கப் போர் தொடுக்கும் உரிமை அதற்கு உண்டு. அது பிரச்சினை என்றால் 'ரிமூவ்_கோர் 151', கூடவே பி-ஒய்-இசட். மக்களின் மதமும் பண்பாடும் மாறாமல் நிற்கும். நகரம் கிரேக்கப் பண்பாட்டிலும் ஆர்தடாக்ஸ் மதத்திலும்தான் இருக்கும். அதிருப்தி ஏன் என்று குழம்பாதீர்கள்.

கடைசியாக, கன்சோலை மூடி, ஆட்டத்தை ஒரு மாதம் ஓடவிடுங்கள். பல எண்கள் மாதம் பிறக்கும்போதுதான் புதுக் கணக்குக்கு வரும். வருமானமும் மிகைவிரிவும் நீங்கள் நினைத்த இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகு அடுத்த மாகாணம்.

ஒன்று நல்லதாகவும் நடக்கும். பணித்திட்டங்கள் (மிஷன்கள்) 'இந்த மாகாணம் உங்களிடம் இருக்கிறதா' என்றுதான் கேட்கும். எப்படி வந்தது என்று கேட்காது. போரில் கிடைத்த மாகாணமும் கன்சோலில் கிடைத்த மாகாணமும் அதற்கு ஒன்றே. ஒரு பணித்திட்டத்தின் பலன் என்ன, அது எந்தக் கதவைத் திறக்கிறது என்று முன்கூட்டிப் பார்க்க இது நல்ல வழி.

முழு நாட்டையே விழுங்க 'அன்னெக்ஸ்' உண்டு, நாட்டுக் குறியோடு. சின்ன நாட்டில் முயன்று பாருங்கள். பெரிய நாட்டில் வேண்டாம். மேலே சொன்ன எல்லாத் தொல்லையும் ஒரே நாளில் வந்து குவியும்.

9. நாடு மாறும்போது நாட்காட்டி நகரக் கூடாது

'டேக்' (டி-ஏ-ஜி) என்று அடித்து நாட்டுக் குறியைக் கொடுத்தால் அந்த நாட்டை நீங்கள் ஆடத் தொடங்குவீர்கள். எதிரியின் கருவூலத்தில் எவ்வளவு இருக்கிறது, கடன் எத்தனை, எந்தக் கூட்டணி நம்பகமானது என்றெல்லாம் உள்ளே போய்ப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் நீங்கள் விட்டு வந்த நாட்டை அந்தக் கணமே ஏஐ எடுத்துக்கொள்ளும். ஆட்டம் ஓடினால் அது உங்கள் படைகளை நகர்த்தும், பணத்தைச் செலவழிக்கும், ஆலோசகர்களை மாற்றும், நீங்கள் வெறுக்கும் ஒருவரோடு கூட்டணியும் வைக்கும்.

எனவே வரிசை இது: நிறுத்துங்கள், சேவ் செய்யுங்கள், மாறுங்கள், பாருங்கள், திரும்புங்கள், அப்புறம்தான் ஓடவிடுங்கள். உங்கள் சொந்த நாட்டின் குறியை மாறும் முன்பே எழுதி வையுங்கள். திரும்பி வரும் வழி தெரியாமல் ஆட்டத்தை ஓடவிட்டுத் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த நாடும் இல்லாமல் வெறுமனே வேடிக்கை பார்க்க 'அப்சர்வ்'. ஏஐ நாடுகள் தங்களுக்குள் எப்படி மோதிக்கொள்கின்றன என்று அறிய இது பயன்படும். திரும்பி ஆட 'டேக்' கட்டளைதான்.

10. போரும் பேச்சுவார்த்தையும்

'யெஸ்மென்' என்று அடித்தால் நீங்கள் முன்வைக்கும் ராஜதந்திரக் கோரிக்கைகளை ஏஐ ஏற்றுக்கொள்ளும். கூட்டணி, அரச திருமணம், சமாதானம், எதுவானாலும். இதுவும் சுவிட்சு வகை. வேலை முடிந்த நிமிடமே அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து நடக்கும் எந்தப் பேச்சுவார்த்தையிலும் உங்கள் உண்மையான நிலை என்ன என்று தெரியாமலே போகும்.

'வின்வார்ஸ்' உங்கள் போர்களில் வெற்றிக் கணக்கை உச்சத்துக்கு ஏற்றும். இதை அடித்துவிட்டு எதிரியின் பாதி நாட்டைக் கேட்பது இயல்பாக வரும் ஆசை. கேட்கும் முன் சமாதானத் திரையில் ஆக்கிரமிப்புக் கணக்கு (அக்ரசிவ் எக்ஸ்பேன்ஷன்) எவ்வளவு ஏறும் என்று பாருங்கள். கன்சோல் போரை வெல்லும். அக்கம்பக்கத்தாரின் கோபத்தைத் துடைக்காது. உங்கள் மேல் ஒரு நாட்டுக்கு அந்தக் கணக்கு 50-ஐத் தாண்டி, உங்களைப் பற்றிய எண்ணமும் எதிர்மறையாக இருந்தால், அது உங்களுக்கு எதிரான கூட்டணியில் சேரலாம். இத்தாலிக்குள்ளும் ஜெர்மானிய நிலங்களிலும் சிறு நாடுகள் நெருக்கமாக இருப்பதால் அங்கே இது மிக வேகமாக நடக்கும்.

11. நிகழ்வுகளைத் தூண்டுவது

'ஈவென்ட்' என்று தட்டி நிகழ்வின் அடையாளப் பெயரைக் கொடுத்தால் அது உடனே திரையில் வரும். அடையாளப் பெயர்கள் விளையாட்டு நிறுவப்பட்ட கோப்புறைக்குள் ஈவென்ட்ஸ் என்ற இடத்தில் எளிய உரைக் கோப்புகளாக இருக்கின்றன. ஒன்றைத் திறந்தால் அடையாளம், நிபந்தனை, விளைவு மூன்றும் கண்ணுக்குத் தெரியும்.

நிபந்தனைப் பகுதியைப் படித்த பிறகே தூண்டுங்கள். ஒரு அரசனையோ ஒரு மாகாணத்தையோ குறிவைத்து எழுதிய நிகழ்வை, அவை இல்லாத நாட்டில் தூண்டினால் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக வரும்; விளைவும் எங்கும் போய்ச் சேராது.

12. கட்டளைகளைக் கோப்பில் எழுதி ஓட்டுவது

ஒரே பத்துக் கட்டளைகளை ஒவ்வொரு சோதனைக்கும் தட்டுவது அலுப்பு. அவற்றை நோட்பேடில் வரிக்கு ஒன்றாக எழுதி, டாகுமென்ட்ஸில் உள்ள விளையாட்டின் கோப்புறையில் வையுங்கள். சேவ் கேம்ஸ் உள்ளே அல்ல, அதற்கு ஒரு படி வெளியே. பிறகு கன்சோலில் 'ரன்' என்று தட்டிக் கோப்பின் முழுப் பெயரைக் கொடுங்கள்.

கோப்பு கிடைக்கவில்லை என்றால், பெயரின் ஒட்டு இரட்டித்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் கோப்பு ஒட்டுகளை மறைத்து வைத்திருக்கும்போது டி-எக்ஸ்-டி என்று நீங்களும் சேர்த்து எழுதிவிட்டால், அது இரண்டு முறை விழுந்திருக்கும்.

சுவிட்சு வகைக் கட்டளைகளைக் கோப்பில் சேர்க்காதீர்கள். இரண்டாம் முறை ஓட்டும்போது அவை அணைந்துவிடும்.

13. ஒரு சோதனையை முழுதாகச் செய்து பாருங்கள்

கன்சோலின் உண்மையான பயன் ஆட்டத்தைக் கற்றுக்கொள்வதில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு நாட்டில் ஏன் தோற்கிறோம் என்ற கேள்விக்கு இருபது மணிநேரம் ஆடிக் கண்டுபிடிப்பதை ஒரு மாலையில் கண்டுபிடிக்கலாம்.

பைசான்டியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1444-இல் கான்ஸ்டான்டிநோபிளும் தெற்கே கிரேக்கத்தில் கொஞ்சம் நிலமும்தான் அதன் கையில். பக்கத்திலேயே உஸ்மானியர். உங்களைக் கொல்வது பணப் பற்றாக்குறையா, ஆள் பற்றாக்குறையா, துணையின்மையா?

முதல் நாளிலேயே ஒரு மூல சேவ் செய்யுங்கள். அதைத் தொடவே கூடாது. அதிலிருந்து தொடங்கி 'கேஷ்' மட்டும் கொடுத்துக் கூலிப்படை எடுத்து, முதல் போர்வரை ஆடுங்கள். மறுபடி மூல சேவைத் திறந்து 'மேன்பவர்' மட்டும் கொடுங்கள். மூன்றாவது முறை 'யெஸ்மென்' போட்டு இரண்டு வலுவான கூட்டாளிகளைப் பிடித்துவிட்டு உடனே அணையுங்கள். அந்த ஆட்டத்தில் வேறு எதையும் தொடாதீர்கள்.

ஒரு ஓட்டத்தில் ஒரே ஒரு மாற்றம். பணமும் ஆளும் சேர்த்துக் கொடுத்து வென்றால் எது வென்றது என்று உங்களுக்குத் தெரியாது. உஸ்மானியர் எப்போது போர் அறிவிக்கிறார்கள், முற்றுகை எத்தனை மாதம் தாங்குகிறது, கூட்டாளியின் படை வந்து சேர்கிறதா, இந்த மூன்றையும் ஒவ்வொரு முறையும் எழுதிவையுங்கள். போருக்கு முன் 'டேக்' வழியே உஸ்மானியருக்குள் போய் அவர்களின் படையெண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு திரும்பலாம். நிறுத்திவைத்தபடி.

மூன்று தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கன்சோல் இல்லாத அடுத்த ஆட்டத்தில் முதல் ஐந்து ஆண்டுகளை எதில் செலவிட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

14. ஏதாவது தவறிப்போனால்

கட்டளை அடித்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் முதலில் எழுத்துப்பிழை, பிறகு அடிக்கோடு, பிறகு எண். மூன்றும் சரி என்றால் 'ஹெல்ப்' அடித்து அந்தக் கட்டளை உங்கள் பதிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்கள் (விளையாட்டை மாற்றியமைக்கும் சேர்க்கைகள்) போட்டிருந்தால் மாகாண எண்களும் நாட்டுக் குறிகளும் வேறாக இருக்கலாம். வரைபடத்தையே மாற்றும் மாட்களில் இந்த வழிகாட்டியில் உள்ள எந்த எண்ணையும் நம்பாமல் டீபக் மோடில் பார்த்தே தட்டுங்கள்.

ஏஐ நாடுகள் அசையாமல் நிற்கின்றன என்றால் பெரும்பாலும் யாரோ 'ஏ-ஐ' என்ற கட்டளையைத் தட்டியிருக்கிறார்கள். அது ஏஐயை அணைத்துப் போடும் சுவிட்சு. மறுபடி அடித்தால் உயிர்பெறும். எந்தச் சுவிட்சு எந்த நிலையில் இருக்கிறது என்று குழம்பிவிட்டால், சேவ் செய்து விளையாட்டை முழுதாக மூடித் திறப்பதே சுலபமான வழி.

பல கட்டளைகளுக்குப் பிறகு ஆட்டம் நின்றுபோகத் தொடங்கினால், கட்டளைகளுக்கு முந்தைய சேவைத் திறங்கள். அடித்த பட்டியலில் முதல் பாதியை மட்டும் அடித்துவிட்டு ஓராண்டு ஓடவிடுங்கள். நிற்கவில்லை என்றால் குற்றவாளி இரண்டாம் பாதியில் இருக்கிறது. அதையும் பாதியாக்கி அதே போல் செய்யுங்கள். விரைவிலேயே ஒரே ஒரு கட்டளையில் வந்து நிற்பீர்கள். அதை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் அடித்து ஆட்டத்தைத் தொடரலாம்.